பகல் வெயிலை இரும்பில் சேர்த்துவைத்து இரவில் விளக்கு எரிப்பது எப்படி?

மாலை ஏழு மணி. சூரியன் இறங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டது. மொட்டை மாடியில் ஒரு பழைய எண்ணெய் டின், அதற்குள் உமிச்சாம்பல், சாம்பலுக்கு நடுவில் ஒன்பதரை கிலோ இரும்புத் துண்டு, அதன் தலைமேல் தண்ணீர் நிரப்பிய ஓர் அலுமினியப் பாத்திரம். இரும்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவிலிருந்து வெளியே வரும் இரண்டு ஒயரில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. பேட்டரி கிடையாது, சோலார் பேனல் கிடையாது. மத்தியானம் அடித்த வெயில் இன்னும் அந்த இரும்புக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நீங்களும் செய்யலாம். ஆனால் தொடங்குவதற்கு முன்பே கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் இணையத்தில் புளுகு அதிகம். இந்த அமைப்பு ஒரு மாலையில் தருவது அதிகபட்சம் ஒரு வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு போனை முழுதாகச் சார்ஜ் செய்யப் பதினைந்து நாள் ஆகும். அப்படியானால் எதற்குச் செய்ய வேண்டும்? ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் ராஜஸ்தானிலும் சூரிய வெப்ப மின் நிலையங்கள் ராத்திரியில் எப்படி மின்சாரம் தருகின்றன என்பதை எத்தனை படித்தாலும் பிடிபடாதது, இந்த டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மல்டிமீட்டரைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். வீட்டுக்கு எது லாபம், எது வீண் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் அடிப்படை

மின்சாரத்தைச் சேர்த்துவைப்பது கஷ்டம், செலவு. வெப்பத்தைச் சேர்த்துவைப்பது சுலபம். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் அரை மணி நேரம் சுடுகிறதே, அதுவே சேமிப்புதான். அதனால் சூரிய வெப்ப நிலையங்கள் மின்சாரத்தைச் சேமிப்பதே இல்லை. வெப்பத்தைச் சேமித்து, யார் வீட்டிலாவது சுவிட்ச் போடும்போது அதை மின்சாரமாக மாற்றுகின்றன.

ஸ்பெயினின் கிரனாடா மாகாணத்தில் உள்ள அண்டாசோல் நிலையம் இதை வணிக அளவில் செய்து காட்டிய முன்னோடி. வளைந்த நீளக் கண்ணாடிகள் வெயிலை ஒரு குழாயின் மீது குவிக்கும், குழாய்க்குள் ஓடும் எண்ணெய் 390 டிகிரி வரை சூடாகும், அந்தச் சூடு ஒரு தொட்டியில் இருக்கும் உருகிய உப்புக்குப் போகும். 50 மெகாவாட் நிலையம் ஒன்றுக்கு 28,500 டன் உப்பு. அந்த உப்பின் சூட்டில் எடுக்கும் நீராவி ஏழரை மணி நேரம் டர்பைனை, அதாவது மின்சாரம் எடுக்கும் சக்கரத்தை, ஓட்டும். அதற்கு அடுத்து, 2011-இல் செவில் பக்கத்தில் வந்த ஹெமாசோலார் இன்னும் ஒரு படி மேலே போனது: 140 மீட்டர் கோபுரம், அதைச் சுற்றி 2,650 கண்ணாடிகள், கோபுரத்தின் உச்சியிலேயே உப்பு நேராக 565 டிகிரிக்குச் சூடாகி இறங்கி வருகிறது. 20 மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவான சின்ன நிலையம்தான், ஆனால் 15 மணி நேரச் சேமிப்பு. அந்த முதல் கோடையிலேயே 24 மணி நேரமும் நிற்காமல் மின்சாரம் கொடுத்தது.

எண்ணெயிலிருந்து உப்புக்கு, 390-இலிருந்து 565-க்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. வெப்பத்தை மின்சாரமாக்கும் எந்த இயந்திரமும் சூட்டை வைத்து ஓடுவதில்லை, சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் ஓடுகிறது. மேட்டில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் பள்ளம் இல்லாவிட்டால் சக்கரம் சுற்றாது. கணக்கு சுலபம்: சூடான பக்கத்தின் டிகிரியோடு 273-ஐக் கூட்டுங்கள், குளிர்ந்த பக்கத்துக்கும் அப்படியே, குளிர்ந்ததைச் சூடானதால் வகுத்து ஒன்றிலிருந்து கழியுங்கள். 90 டிகிரி வெந்நீர், 30 டிகிரி காற்று என்றால் 303-ஐ 363-ஆல் வகுக்க, மிச்சம் 16 சதவீதம் சொச்சம். எந்த மேதை வந்தாலும் அதற்கு மேல் எடுக்க முடியாது, நிஜ இயந்திரம் அதில் பாதி எடுத்தாலே பெரிய காரியம். 565 டிகிரி என்றால் உச்சவரம்பு 64 சதவீதம், நிஜமான நீராவி டர்பைன் 40 சதவீதம் வரை எடுத்துவிடும். ஆக, எவ்வளவு வெப்பம் சேர்த்தீர்கள் என்பதைவிட எத்தனை டிகிரியில் சேர்த்தீர்கள் என்பதே முக்கியம். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு முடிவும் இதிலிருந்து வந்ததுதான்.

எதில் சேமிப்பது

தண்ணீர் ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 4.2 கிலோஜூல் வெப்பம் வாங்கிக்கொள்ளும். இரும்பு வெறும் 0.46. இதைப் பார்த்ததும் தண்ணீர்தான் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துப் போய்விடும். மூடிவைத்துச் சூடாக்கினால் அது குண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாகும். வீட்டில் செய்த எந்தப் பாத்திரத்தையும், வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும், தயவுசெய்து மூடிய பாய்லராக வைக்காதீர்கள்.

சமையல் எண்ணெயும் வேண்டாம், குவிந்த வெயிலில் கட்டுப்பாடில்லாமல் சூடேறித் தீப்பிடிக்கும். நிலையங்களில் பயன்படுத்தும் உப்பு சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் கலந்தது. பொட்டாசியம் நைட்ரேட்டுக்குத் தமிழில் வெடியுப்பு என்று பெயர். உருகிய நிலையில் அதில் ஒரு துணியோ மரத்தூளோ விழுந்தால் என்ன ஆகும் என்று பெயரே சொல்கிறது. அதோடு 220 டிகிரிக்குக் கீழே போனால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன: அமெரிக்காவின் நெவாடாவில் 110 மெகாவாட் கிரசென்ட் டியூன்ஸ் நிலையத்தில் 2016-இல் சூடான உப்புத் தொட்டி ஒழுகியதால் நிலையம் பல மாதம் நின்றுபோனது.

மணல்? ஒரு டிகிரிக்கு 0.8 கிலோஜூல், விலையும் இல்லை. நான் முதலில் மணலில்தான் செய்தேன். மணல் சூட்டை வாங்கிக்கொள்ளும், திருப்பிக் கேட்டால் தராது. தொடும் இடத்தில் ஒரு விரல் அளவு மணல் சீக்கிரமே ஆறிப்போகும், உள்ளே நடுவில் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும், அந்தச் சூடு வெளியே வந்து சேர்வதற்குள் ராத்திரியே முடிந்துவிடும்.

அதனால் இரும்பு. எடையில் பார்த்தால் ஏமாற்றம், கன அளவில் பார்த்தால் ஆச்சரியம்: ஒரு லிட்டர் அளவுள்ள இரும்பு டிகிரிக்கு 3.6 கிலோஜூல், கிட்டத்தட்ட தண்ணீருக்குச் சமம், அதுவும் 100 டிகிரி என்ற தடை இல்லாமல். இது என் கண்டுபிடிப்பும் இல்லை. ராஜஸ்தானில் ஆபு ரோட்டில் பிரம்மா குமாரிகள் அமைப்பு நடத்தும் 'இந்தியா ஒன்' என்ற ஒரு மெகாவாட் நிலையத்தில் 770 டிஷ்கள், ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர், ஒவ்வொரு டிஷ்ஷின் குவியத்திலும் ஒரு வார்ப்பிரும்புக் கட்டி. பகலெல்லாம் அந்த இரும்பு சூடேறும், வேண்டும்போது அதற்குள் ஓடும் குழாயில் தண்ணீர் விட்டு நீராவி எடுப்பார்கள். நம்முடையது அதன் குழந்தை வடிவம்.

இரும்பு வாங்கி, லேத்தில் கொடுப்பது

பழைய இரும்புக் கடையில் ஷாஃப்ட் துண்டு கேளுங்கள். 125 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளம். எடை ஒன்பதரை கிலோ வரும். அதற்கு மேல் வேண்டாம், டிஷ்ஷின் தாங்கி தாங்காது. அதை லேத் பட்டறையில் கொடுத்து மூன்று வேலை செய்யச் சொல்லுங்கள். ஒரு முகத்தைக் கண்ணாடி மாதிரி சமமாக்குவது. இரண்டு பக்கமும் எதிரெதிரே துளை போட்டு மரை வெட்டி, வாளிப் பிடி மாதிரி ஒரு கம்பிப் பிடி மாட்டுவது. பிறகு பக்கவாட்டில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு 3 மி.மீ. துளை ஒன்று, வெப்பநிலை பார்க்கும் தெர்மோகப்பிள் கம்பி நுழைவதற்கு.

லேத் அண்ணன் என்னிடம், "தம்பி, இது எந்த வண்டிக்கு?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சமமாக்கிய முகத்தில் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்து, "வெளிச்சம் கசியுதா பாருங்க" என்றார். நூலளவு கசிந்தது. மறுபடி லேத்தில் ஏற்றிவிட்டார். அந்தச் சோதனையை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். இடையில் ஒரு முடி அளவு காற்று இருந்தாலும் பாதி வெப்பம் அங்கேயே நின்றுவிடும்.

மளிகைக் கடையில் முன்பு இருந்த ஐந்து கிலோ வார்ப்பிரும்பு எடைக்கல் கிடைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அதைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒரு குழி, குழிக்குள் சாம்பல் நிறத்தில் முத்திரை குத்திய உலோகம் இருக்கும். அது ஈயம். 327 டிகிரியில் உருகும், நச்சு. குவிந்த வெயிலில் ஓர் ஓரம் அந்தச் சூட்டைத் தொட்டுவிடலாம். வேண்டாம்.

சமமாக்கிய முகத்தை அப்படியே விட்டுவிட்டு, எதிர் முகத்துக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். சாதாரண எனாமல் புகைந்து உரிந்துவிடும். பைக் சைலன்சருக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் கறுப்பு ஸ்ப்ரே வாங்குங்கள். கறுப்பு வெயிலை வாங்கும் அதே நேரத்தில் சூட்டை வெளியே வீசவும் செய்யும், அதனால் வெயில் படும் முகம் தவிர மற்ற இடத்தில் அடிக்காதீர்கள். பக்கங்களைக் கண்ணாடிக் கம்பளியில் சுற்றி அலுமினியத் தாள் போர்த்திவிடலாம்.

வெயிலைக் குவிப்பது

டி.டி.எச். டிஷ்ஷில் பளபளப்புத் தாள் ஒட்டி முயன்றவர்கள் உண்டு, ஆனால் அதன் கையில் பத்துக் கிலோ இரும்பைத் தொங்கவிட முடியாது. நல்ல வழி, 1.4 மீட்டர் விட்டமுள்ள டிஷ் சோலார் குக்கர். எஸ்.கே.-14 என்ற பெயரில் விற்பார்கள், பல கல்லூரிகளின் மூலையில் தூசி படிந்து கிடக்கும், கேட்டுப் பாருங்கள். அதன் நல்ல குணம், பாத்திரம் வைக்கும் இடத்தை மையமாக வைத்து டிஷ் சுழலும். டிஷ்ஷை எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் பாத்திரம் அசையாமல் நேராக நிற்கும். பாத்திரத்துக்குப் பதில் இரண்டு இரும்புப் பட்டைகளைக் குறுக்கே வெல்டிங் செய்து, கறுப்பு முகம் கீழே இருக்கும்படி இரும்பை வைத்துவிடுங்கள்.

டிஷ்ஷின் பரப்பு ஒன்றரை சதுர மீட்டர். தெளிவான வெயிலில் நேர்க்கதிர் சதுர மீட்டருக்கு 700 வாட் என்று வைத்தால் ஆயிரம் வாட் சொச்சம் டிஷ்ஷில் விழும், அதில் ஒரு பங்குதான் இரும்புக்குள் இறங்கும்.

நேர்க்கதிர் என்ற சொல்லைக் கவனியுங்கள். கண்ணாடியால் குவிக்க முடிவது சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியை மட்டும். மேகத்திலும் ஈரப்பதத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறி வரும் ஒளி சோலார் பேனலுக்கு உதவும், டிஷ்ஷுக்கு உதவாது. பெரிய நிலையங்கள் ராஜஸ்தான், நெவாடா, சகாரா ஓரம் என்று வறண்ட இடமாகப் பார்த்து உட்கார்வதற்கு இதுதான் காரணம். நம் கடற்கரை ஊர்களில் வானம் வெள்ளையாக இருக்கும் நாளில் உடம்பெல்லாம் எரியும், டிஷ்ஷில் மட்டும் சூடு ஏறாது. சுலபமான சோதனை: கையை நீட்டி நிழலைப் பாருங்கள். விரல்களின் ஓரம் கத்தி வெட்டியது போல இருந்தால் அன்றைக்கு வேலை நடக்கும், மங்கலாக இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம்.

டிஷ்ஷின் விளிம்பில் ஓர் ஆணியை நேராக நிறுத்தி ஒட்டுங்கள். ஆணியின் நிழல் மறைந்தால் டிஷ் சூரியனை நேராகப் பார்க்கிறது. சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும், அதனால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும்.

அப்புறம், பாதுகாப்பு. இதைச் சும்மா படித்துத் தாண்டாதீர்கள். டிஷ்ஷின் குவியத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, வெல்டிங் கண்ணாடி போடுங்கள். வேலை இல்லாத நேரத்தில் டிஷ்ஷின் மேல் தடித்த துணியைப் போர்த்திக் கட்டிவிடுங்கள், ஏனென்றால் காலை வெயிலில் யாரும் பார்க்காதபோது அது கொடியில் காயும் துணியைக்கூடப் பற்றவைக்கும். இரும்பின் விஷயத்தில் இன்னோர் ஆபத்து, 200 டிகிரியில் இருக்கும் இரும்பும் ஆறிப்போன இரும்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சிவக்காது, புகையாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரும்பு டின்னுக்குள் போகும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் 200 டிகிரி தொடும், காற்று பலமாக இருந்தால் இன்னும் ஆகும். மல்டிமீட்டரின் தெர்மோகப்பிள் கம்பியைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் லேசர் வெப்பமானி பளபளப்பான உலோகத்தில் தப்பாகக் காட்டும், நம்ப வேண்டாம். தோசைக்கல் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று உடனே ஆவியாகாமல் முத்து மாதிரி உருண்டு ஓடினால் 200 பக்கம் வந்துவிட்டது.

மாலை வரை காப்பது

பதினைந்து கிலோ எண்ணெய் டின், மேல் மூடியை வெட்டி எடுத்தது. அடியில் நாலு விரல் உயரத்துக்கு உமிச்சாம்பல். அரிசி ஆலையில் கேட்டால் ஒரு மூட்டை சும்மாவே தருவார்கள். இரும்பு ஆலைகளில் உருகிய எஃகின் மேலேயே இதைப் போர்த்துகிறார்கள், அந்த அளவுக்கு வெப்பம் கடத்தாத பொருள். கொட்டும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. சாம்பல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரச் சாம்பல் என் இரும்பின் சூட்டை எல்லாம் ஆவியாக்கிக் குடித்துவிட்டது, அன்றைய மாலை வீணாகப் போனது. தெர்மாக்கோல் இளகிவிடும், வைக்கோலும் மரத்தூளும் கருகிப் பற்றும், எதுவும் வேண்டாம்.

தோல் கையுறை போட்டு, பிடியைப் பிடித்து இரும்பைத் தூக்கி, இந்த முறை சமமான முகம் மேலே வரும்படி திருப்பி டின்னுக்குள் வையுங்கள். திருப்புவதற்கு நீளமான இடுக்கி ஒன்றும் இன்னோர் ஆளும் தேவை, ஒற்றை ஆளாகச் செய்யாதீர்கள். சுற்றிலும் மூன்று விரல் கனத்துக்குச் சாம்பல் நிரப்பி, மேலே கண்ணாடிக் கம்பளி நாலைந்து மடிப்பு. என் டின்னில் மூன்றரை மணிக்கு 200 டிகிரியில் மூடினால் ஏழு மணிக்கு 150-க்குப் பக்கத்தில் இருக்கும்.

இந்த ஒரு விஷயத்தில் பெரியது எப்போதும் ஜெயிக்கும். வெப்பம் சேர்வது கன அளவில், வெளியேறுவது மேற்பரப்பில். தொட்டி பெரிதாகப் பெரிதாகக் கன அளவு வேகமாகவும் மேற்பரப்பு மெதுவாகவும் கூடும். அண்டாசோல் தொட்டி ஒரு நாளில் ஒன்றிரண்டு டிகிரி இழக்கும் இடத்தில் நம் டின் மூன்றரை மணி நேரத்தில் 50 டிகிரி இழக்கிறது.

வெப்பத்தை மின்சாரமாக்குவது

இங்கே டர்பைன் இல்லை. அதன் வேலையை நான்கு சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு வெள்ளைப் பீங்கான் தகடு செய்யும். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் இருந்தால் இரண்டு ஒயரிலும் மின்சாரம் வரும். எலக்ட்ரானிக் கடையில் பெல்டியர் என்று கேட்டால் குளிர்விக்கப் பயன்படும் வகையைக் கொடுப்பார்கள். அதன் உள்ளே இருக்கும் ஈயப்பற்று 138 டிகிரியில் இளகிவிடும். மின்சாரம் எடுப்பதற்கென்றே வரும் எஸ்.பி.1848 வகை 150 டிகிரி வரை தாங்கும். அதில் இரண்டு வாங்குங்கள். 100 டிகிரி வித்தியாசத்தில் ஒவ்வொன்றும் சுமை இல்லாமல், அதாவது விளக்கு எதையும் மாட்டாமல், 4.8 வோல்ட் காட்டும், சுமையோடு முக்கால் வாட்டுக்குச் சற்று மேல் தரும்.

வாங்கிய உடனே ஒரு சோதனை: தகட்டை உள்ளங்கையில் வைத்து, மேலே ஐஸ் தண்ணீர் டம்ளரை வைத்து, மல்டிமீட்டரை வோல்ட்டில் போடுங்கள். உங்கள் கையின் சூட்டில் எண் ஏறும். டம்ளரை எடுத்துவிட்டுத் தகட்டைத் திருப்பி வைத்தால் கழித்தல் குறி வரும். எந்தப் பக்கம் சூட்டுக்கு, எந்தப் பக்கம் குளிர்ச்சிக்கு என்று அப்போதே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் கம்பளியை விலக்கி, இரும்பின் வெப்பநிலை 150-க்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு, இரண்டு தகடுகளுக்கும் இரு பக்கமும் சி.பி.யு.வுக்குத் தடவும் தெர்மல் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி இரும்பின் முகத்தில் வையுங்கள். தகடு இல்லாத மீதி இடத்தைக் கம்பளியால் மூடுங்கள். அதன் மேல் அடி சமமான அலுமினியப் பாத்திரம், ஐந்து லிட்டர் தண்ணீரோடு. தண்ணீருக்கு இரண்டு வேலை: குளிர்ந்த பக்கமாக இருப்பது ஒன்று, தன் எடையால் தகடுகளை அழுத்திப் பிடிப்பது இன்னொன்று. ஒரு லிட்டர் போதும் என்று நினைத்தால் பத்திருபது நிமிடத்தில் தண்ணீரே சூடாகிவிடும், வித்தியாசம் போய்விடும், விளக்கு மங்கும்.

இரண்டு தகடுகளையும் பக்க இணைப்பில் சேர்த்து, 0.9 முதல் 5 வோல்ட் வாங்கி 5 வோல்ட் தரும் சின்ன பூஸ்ட் கன்வெர்ட்டர் போர்டில் கொடுங்கள். தொடர் இணைப்பு போட்டால் தொடக்கத்தில் 9 வோல்ட்டுக்கு மேல் போய் போர்டு கருகிவிடும், ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன். போர்டில் அரை வாட் யு.எஸ்.பி. விளக்கைச் செருகுங்கள். அதற்குப் பெரிய விளக்கு வேண்டாம், தகடு தருவதைவிடச் சுமை அதிகமானால் போர்டு விட்டுவிட்டு அணையும்.

எரியும். முதல் அரை மணி நேரத்துக்கு மேல் பளிச்சென்று எரியும், பிறகு மெல்ல மங்கும். மல்டிமீட்டரைப் பாருங்கள், இதுதான் நான் காட்ட விரும்பியது: வித்தியாசம் 100-இலிருந்து 50 டிகிரியாக, அதாவது பாதியாகக் குறைந்தபோது வோல்ட் பாதியாகும், ஆம்பியரும் பாதியாகும், ஆனால் இரண்டையும் பெருக்கி வரும் வாட் கால் பங்காகிவிடும். இரும்பில் இன்னும் பாதி வெப்பம் மிச்சம் இருக்கிறது, அதற்கு மின்சார மதிப்பு கிட்டத்தட்டப் போய்விட்டது. 250 டிகிரிக்கு மேல் தாங்கும் தகடு வாங்கி, சூட்டு வித்தியாசத்தை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது நாலு மடங்கு. ஹெமாசோலார் ஏன் 565-க்குப் போனது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி வீட்டுக் கணக்கு

150 டிகிரியில் தொடங்கி இரும்பு கொடுத்த வெப்பம் சுமார் 500 கிலோஜூல். தகடுகளால் எடுக்க முடிந்தது அதிகபட்சம் ஒரு வாட்-மணி, அதாவது 3.6 கிலோஜூல், நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. போர்டிலும் விளக்கு மங்குவதிலும் போனது போக, நல்ல வெளிச்சமாக வந்தது அதிலும் பாதிக்குக் கீழே. மீதி வெப்பம் எல்லாம் எங்கே? பாத்திரத்துத் தண்ணீரில். கை வைத்துப் பாருங்கள், முகம் கழுவ இதமாக இருக்கும்.

இதே டிஷ்ஷின் பரப்பில் ஒரு சோலார் பேனல் வைத்தால் 300 வாட் பேனல் வைக்கலாம், நல்ல நாளில் ஒரு யூனிட்டுக்கு மேல் வரும். அதனால் வீட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்றால் பேனலும் பேட்டரியும்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'சூரிய வெப்பத்தில் வீடு முழுக்கக் கரண்ட்' என்று சின்னச் சாதனம் எதையாவது யாராவது விற்க வந்தால், சூடான பக்கம் எத்தனை டிகிரி, குளிர்ந்த பக்கம் எத்தனை டிகிரி என்று மட்டும் கேளுங்கள்.

ஆனால் சூரிய வெப்பத்துக்கு வீட்டில் வேலையே இல்லை என்று ஆகாது. அந்த முகம் கழுவும் தண்ணீரில்தான் பதில் இருக்கிறது. மாடியில் 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் தண்ணீரை 35 டிகிரி ஏற்றி வைத்தால் அது நான்கு யூனிட் வெப்பம். கீசர் போட்டிருந்தால் மீட்டரில் ஓடியிருக்க வேண்டிய நான்கு யூனிட். என் இரும்பு ஒரு மாலையில் கொடுத்த மின்சாரத்தைப் போல நாலாயிரம் மடங்கு, அதுவும் மறுநாள் காலை வரை ஆறாமல். வெப்பத்தை வெப்பமாகவே செலவழித்தால் அந்த 16 சதவீதம், ஒரு சதவீதம் என்ற வரம்பு எதுவும் குறுக்கே வராது. ஆரோவில்லின் சோலார் கிச்சனில் கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது, அசையாத கிண்ணம், குவியத்தில் இருக்கும் குழாய்தான் சூரியனோடு நகரும். அதில் வரும் நீராவி டர்பைனுக்குப் போவதில்லை, நேராகச் சமையல் பாத்திரத்துக்குப் போகிறது. சரியான முடிவு.

விடுதி, கல்யாண மண்டபம், சாயப்பட்டறை, பால் பண்ணை என்று தினமும் வெந்நீரோ நீராவியோ தேவைப்படும் இடத்தில் இருப்பவர்கள் மின்சாரத்தை மறந்துவிட்டு அந்த வெப்பத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அறிவியல் கண்காட்சிக்குச் செய்யும் மாணவர்கள் இரும்பின் வெப்பநிலை, தண்ணீரின் வெப்பநிலை, வோல்ட், ஆம்பியர் நான்கையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிக்கொண்டே போங்கள், அந்தத் தாள்தான் விளக்கைவிட மதிப்பானது.

வேலை முடிந்ததும் தகடுகளை எடுத்துப் பேஸ்ட்டைத் துடைத்து வையுங்கள். இரும்பை அன்றிரவு டின்னிலேயே விட்டுவிடுங்கள், காலையில்கூட வெதுவெதுப்பாக இருக்கும். தூங்கப் போகுமுன் டிஷ்ஷின் மேல் போர்த்திய துணி காற்றில் விலகாமல் கட்டியிருக்கிறதா என்று ஒரு முறை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.